கதவைத் தட்டி வரும் ஹைட்ரோ (மின்சாரம்), காஸ், ஹீட் பம்ப் விற்பனையாளர்கள்: கையெழுத்துப் போட்ட பிறகு என்ன செய்யலாம்?

மார்க்கம் மருமகள்

வணக்கம். என் மாமாவும் மாமியும் கனடாவில், டொரொன்டோவின் ஸ்காபரோ பகுதியில் தனியாக இருக்கிறார்கள். வீடு அவர்களுடைய சொந்த வீடு, கடனெல்லாம் கட்டி முடித்தாயிற்று. மாமாவுக்கு 76 வயது.

சென்ற மாதம் இரண்டு இளைஞர்கள் வந்திருக்கிறார்கள். ஒளிரும் மஞ்சள் மேலங்கி, கழுத்தில் அட்டை, கையில் டேப்லெட். ஒருவர் தமிழர். "அரசாங்கத்தின் எரிசக்திச் சேமிப்புத் திட்டம். இந்தத் தெருவில் எல்லா வீட்டு ஃபர்னஸையும் (வீட்டைச் சூடாக்கும் கருவி) பார்த்து வருகிறோம். ஹைட்ரோ பில்லையும் காஸ் பில்லையும் ஒருமுறை காட்டுங்கள்" என்று சொல்லியிருக்கிறார்கள். மாமி தேநீரும் கொடுத்திருக்கிறார். பேஸ்மென்டில் இறங்கிப் படம் எடுத்தார்களாம். சுடுநீர்த் தாங்கி பழையதாகிவிட்டது, காபன் மொனொக்சைட் என்ற நச்சு வாயு கசியக்கூடும், இலவசமாக மாற்றித் தருகிறோம் என்று சொல்லி, மாமாவிடம் டேப்லெட்டில் விரலால் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். மறுநாள் காலையிலேயே புதுத் தாங்கியும் ஒரு தண்ணீர் வடிகட்டியும் பொருத்தியாயிற்று.

ஒப்பந்தம், மாமா திறந்தே பார்க்காத மின்னஞ்சல் முகவரிக்குப் போயிருக்கிறது. என் கணவர் தற்செயலாகக் கண்டார். பத்து வருட வாடகை. மாதம் 189 டொலரும் வரியும், வருடத்துக்கு வருடம் 3.5 வீத ஏற்றம். மூன்றாவதாக ஒரு ஹீட் பம்பும் (வீட்டைச் சூடாக்கவும் குளிராக்கவும் உதவும் மின்கருவி) பொருத்தப்படும் என்று அதில் எழுதியிருக்கிறது. நிறுவனத்துக்கு எடுத்துக் கேட்டால், ஒப்பந்தத்தை நிறுத்தும் பத்து நாள் அவகாசம் கடந்துவிட்டது, இனி நிறுத்துவதென்றால் 14,000 டொலர் என்கிறார்கள்.

மாமா யாரோடும் கதைக்காமல் அறைக்குள் இருக்கிறார். காசு கட்டத்தான் வேண்டுமா? வங்கியில் மாதாமாதம் எடுப்பதை நிறுத்தலாமா? ஹீட் பம்ப் பொருத்த வருகிறவர்களை என்ன செய்வது?

கணக்குப்பிள்ளை

ஹீட் பம்ப் பொருத்த வருகிறவர்களை உள்ளே விடாதீர்கள். இது முதல் வேலை. வீட்டுக்குள் இறங்கிய ஒவ்வொரு பொருளும் அவர்கள் பக்கத்து வாதத்துக்குப் பலம்.

ஒரு கேள்வி. அவர்கள் தாமாக வந்தார்களா, மாமா கூப்பிட்டு வந்தார்களா? முழு விடயமும் இதில்தான் தங்கியிருக்கிறது.

மார்க்கம் மருமகள்

தாமாகத்தான் வந்தார்கள். ஆனால் அதற்கு முன் ஒரு தொலைபேசி அழைப்பு வந்ததாம். "உங்கள் ஃபர்னஸ் பத்து வருடத்துக்கு மேற்பட்டதா, வந்து பார்க்கலாமா" என்று யாரோ கேட்க, மாமி "வாருங்கள்" என்று சொல்லியிருக்கிறார். நீங்கள் அழைத்துத்தான் நாங்கள் வந்தோம் என்று நிறுவனம் இப்போது அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

கிளினிக் மொழிபெயர்ப்பாளர்

நான் சட்டத்தரணி அல்ல. சட்ட உதவி நிலையம் ஒன்றில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக வேலை செய்வதால் இந்த வகைக் கடதாசிகள் என் கையால் நிறையப் போயிருக்கின்றன.

நம் ஒன்ராறியோ மாகாணத்தில் 2018 மார்ச் 1 முதல் இந்தப் பொருட்களை அழைக்காமல் வீட்டுக்கு வந்து விற்கத் தடை இருக்கிறது. ஃபர்னஸ், ஏசி, சுடுநீர்த் தாங்கி, காற்றுச் சுத்திகரிப்பான், தண்ணீர் வடிகட்டி, தண்ணீர் மென்மையாக்கி, காற்றுக்குழாய் சுத்தம் செய்தல் எல்லாம் இதற்குள் அடங்கும். தடையை மீறிப் போட்ட ஒப்பந்தம் செல்லாது. செல்லாதென்றால் பத்து நாள், இருபது நாள் என்ற கணக்கே அங்கு எழாது. பொருத்திய பொருளை வீட்டுக்காரர் வைத்துக்கொள்ளலாம், அதற்குக் காசு கட்டத் தேவையில்லை. நிறுவனத்துக்கு இது நன்றாகத் தெரியும். ஆகவேதான் "பத்து நாள் கடந்துவிட்டது" என்ற பேச்சிலேயே உங்களைக் கட்டிவைக்கப் பார்க்கிறது.

அந்தத் தொலைபேசி அழைப்பைப் பற்றிப் பயப்பட வேண்டாம். விதிவிலக்கு இருக்கிறது, ஆனால் அது ஒடுக்கமான வாசல். வீட்டுக்காரர் தாமே நிறுவனத்தைத் தொடர்புகொண்டு, ஒப்பந்தம் செய்வதற்காகவே வீட்டுக்கு வரச் சொல்லியிருக்க வேண்டும். அவர்கள் எடுத்த அழைப்புக்கு மாமி "வாருங்கள்" என்றது அப்படிப்பட்ட அழைப்பு ஆகாது. "ஃபர்னஸைப் பார்க்க" என்று அனுமதி கேட்டுவிட்டு வாடகை ஒப்பந்தம் எழுதியதும் அப்படித்தான். அந்த அழைப்பு எந்த இலக்கத்திலிருந்து, எந்த நாளில் வந்தது என்பதை மாமியின் தொலைபேசியிலிருந்து குறித்து வையுங்கள்.

இன்னொரு வழியும் இருக்கிறது. 2002ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நியாயமற்ற நடைமுறை என்று ஒரு பகுதி. பொய் சொல்லி விற்றால், ஒப்பந்தம் செய்த ஒரு வருடத்துக்குள் அதை முறிக்கலாம். ஒப்பந்தத்தின் மொழி விளங்காத நிலையைப் பயன்படுத்திக் கையெழுத்து வாங்குவதையும் அந்தச் சட்டம் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. உங்கள் மாமாவுக்கு ஆங்கில ஒப்பந்தத்தை வாசித்து விளங்க முடியுமா?

மார்க்கம் மருமகள்

பஸ்ஸில் போகவும் டொக்டரிடம் கதைக்கவும் போதுமான ஆங்கிலம். பதினோரு பக்க ஒப்பந்தம் வாசிக்கும் அளவுக்கு இல்லை. அது டேப்லெட்டில் எவருக்கும் காட்டப்படவும் இல்லை, கையெழுத்துப் பெட்டி மட்டும்தான் வந்ததாம்.

கிளினிக் மொழிபெயர்ப்பாளர்

அப்படியானால் கடிதத்தில் இரண்டு காரணங்களையும் எழுதுங்கள். ஒன்று விழுந்தால் மற்றது நிற்கும்.

எக்லின்டன் வாசி

எல்லோரும் நிறுவனத்தைத் திட்டுகிறீர்கள். மாமா என்ன சின்னப் பிள்ளையா? முன்பின் தெரியாதவன் நீட்டியதில் ஏன் கையெழுத்து? கனடாவுக்கு வந்து முப்பது வருடம் இருந்தும் இதைப் படிக்கவில்லையென்றால் எந்தச் சட்டம் காப்பாற்றும்? கதவைத் திறக்காமல் விட்டிருந்தால் இந்தப் பிரச்சினையே இல்லை.

மிசிசாகா மதுரைக்காரன்

எக்லின்டன் வாசி, உங்கள் கோபம் தப்பான முகவரிக்குப் போகிறது. நம் ஊர்களில் மின்சாரம் சம்பந்தமாக வீட்டுக்கு வருகிறவர் யார்? எங்கள் ஊரில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மின்வாரியக் கணக்கெடுப்பாளர் வருவார், வெள்ளை அட்டையில் எழுதிவிட்டுப் போவார். யாழ்ப்பாணத்திலும் மின்சார சபைக்காரர் மீட்டர் பார்க்க வந்துகொண்டுதான் இருந்தார். கழுத்தில் அட்டையோடு ஒருவர் வந்து "பில்லைக் காட்டுங்கள்" என்றால், அறுபது வருடப் பழக்கம் கையைத் தானாக நீட்டவைக்கும். இங்கே மீட்டர் தானே கணக்கை அனுப்பிவிடுகிறது என்பதை யாராவது அந்தப் பெரியவருக்கு உட்கார்ந்து சொல்லியிருக்கிறோமா?

என் வீட்டுக்கும் வருகிறார்கள். நான் ஆங்கிலத்தில் வேலை பார்க்கிறவன், இருந்தாலும் முதல் இரண்டு நிமிடம் இது ஏதோ அரசாங்க வேலை என்றுதான் தோன்றும். அப்படித் தோன்றவைப்பதற்காகத்தான் மேலங்கி.

முன்னாள் முகவர்

மேலங்கிக்கும் அட்டைக்கும் அப்பால் இந்தத் தொழில் எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். 2009 கோடையில், பல்கலைக்கழகம் போகுமுன், காஸ் மற்றும் மின்சார ஒப்பந்தம் விற்றேன். அப்போது அது சட்டப்படி நடந்த தொழில். சம்பளம் கிடையாது. கையெழுத்துக்கு இவ்வளவு என்று தரகுப்பணம். வாடிக்கையாளர் பிறகு நிறுத்திவிட்டால் கொடுத்ததைத் திருப்பி எடுத்துக்கொள்வார்கள்.

காலையில் வான் ஒன்று ஏற்றிக்கொண்டு போய் ஒரு தெருவில் இறக்கிவிடும். எந்தத் தெருவில் எந்த மொழி பேசுகிறவர்கள் அதிகம் என்று குழுத் தலைவருக்குத் தெரியும். மோர்னிங்சைட் பக்கம் தமிழ்ப் பையன்கள், பிரம்டனில் பஞ்சாபிப் பையன்கள், வடக்கு ஸ்காபரோவில் சீனம் பேசுகிறவர்கள். வாசலில் செருப்பைப் பார், கோலத்தைப் பார், கதவுக்கு மேல் சாமி படத்தைப் பார் என்பதெல்லாம் பயிற்சியில் சொல்லித் தந்தவை. "அன்ரி, நீங்கள் எந்த ஊர்?" என்று கேட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது.

"வாங்குங்கள்" என்ற சொல்லை வாயில் எடுக்கவே கூடாது. "பதிந்துகொள்கிறோம்", "உறுதிப்படுத்துகிறோம்", "உங்கள் தெருவுக்கு வந்திருக்கிறது" என்றுதான் பேச வேண்டும். பில்லைக் கேட்பது கணக்கு இலக்கத்துக்காக. அந்த இலக்கம் இல்லாமல் கணக்கை மாற்ற முடியாது. ஆகவே உரையாடலில் வேறு எது தவறினாலும் பில் மேசைக்கு வந்தாக வேண்டும். பிறகு நிறுவனத்திலிருந்து உறுதிப்படுத்தும் அழைப்பு வரும், எல்லாவற்றுக்கும் "யெஸ்" என்றால் போதும் என்று சொல்லிவிட்டு வருவோம்.

இப்போது விற்கும் பொருள் வேறு, நடைமுறை அதே. ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. அன்று ஏமாந்த வீட்டுக்கு மாதம் முப்பது நாற்பது டொலர் கூடப் போனது. இன்று வீட்டின் பத்திரம் வரைக்கும் போகிறது.

கணக்குப்பிள்ளை

முன்னாள் முகவர் சொன்ன காலத்தை நான் பில்களின் பக்கத்திலிருந்து பார்த்தேன். வரிக் கணக்கு எழுதப் போகும் வீடுகளில் ஹைட்ரோ பில்லையும் நீட்டி "ஏன் இவ்வளவு" என்று கேட்பார்கள்.

ஒன்ராறியோ மின்சாரச் சந்தை 2002 மே 1 அன்று திறந்துவிடப்பட்டது. கோடை வெப்பத்தில் விலை எகிறியது, சனம் கொதித்தது, அந்த வருட இறுதிக்குள் அரசாங்கம் அலகுக்கு 4.3 சதம் என்று விலையை நிறுத்திவைத்தது. அதற்கு முன்பே "விலை ஏறப்போகிறது, ஐந்து வருடத்துக்குப் பூட்டிக்கொள்ளுங்கள்" என்று வீடுவீடாகப் போய்விட்டார்கள். அந்தப் பயம் பிறகும் பல வருடம் சோறு போட்டது.

உண்மையான பொறி 2005க்குப் பிறகு வந்தது. பில்லில் குளோபல் அட்ஜஸ்ட்மென்ட் என்று ஒரு கட்டணம் இருக்கிறது. மின் நிலையங்களுக்கு உறுதிசெய்த விலைக்கும் சந்தை விலைக்கும் உள்ள இடைவெளியை நிரப்புவது அது. சாதாரண வாடிக்கையாளருக்கு ஒன்ராறியோ எரிசக்திச் சபை என்ற ஒழுங்குமுறை அமைப்பு நிர்ணயிக்கும் அலகு விலைக்குள்ளேயே அது அடங்கிவிடும். தனியார் ஒப்பந்தத்தில் இருப்பவருக்கு ஒப்பந்த விலை ஒரு வரி, குளோபல் அட்ஜஸ்ட்மென்ட் இன்னொரு வரி. சந்தை விலை இறங்க இறங்க அந்த இரண்டாவது வரி ஏறும். பூட்டிய விலை என்று நம்பியவர் ஏறும் பாரத்தைத் தனியாகச் சுமந்தார். வாசலில் நின்று இதை விளக்கிய முகவர் ஒருவரைக்கூட நான் கேள்விப்பட்டதில்லை. விநியோகக் கட்டணமோ எவரிடம் ஒப்பந்தம் போட்டாலும் மாறாது. "உங்கள் பில்லைப் பாதியாக்குகிறோம்" என்பது அந்த வகையில் கணக்கே இல்லாத பேச்சு.

காஸிலும் இதே. காஸ் விநியோக நிறுவனமான என்பிரிட்ஜ் தான் வாங்கும் காஸுக்கு லாபம் வைப்பதில்லை, வாங்கிய விலையையே அறவிடுகிறது. விலை ஜனவரி, ஏப்ரல், ஜூலை, ஒக்டோபர் என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறும். அந்த ஏற்ற இறக்கத்தைக் காட்டிப் பயமுறுத்தித்தான் ஐந்து வருட ஒப்பந்தம் விற்றார்கள்.

2011 ஜனவரி 1 அன்று எரிசக்தி நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. முகவருக்குப் பயிற்சி, அடையாள அட்டை, விலை ஒப்பீட்டுத் தாள் என்று கட்டாயமாக்கினார்கள். அப்படியும் ஓயவில்லை. 2017 ஜனவரி 1 முதல் மின்சார, காஸ் ஒப்பந்தங்களை வாசலில் விற்பதையே தடுத்தார்கள். தடை வந்ததும் ஆட்கள் வீட்டுக்குப் போகவில்லை. சுடுநீர்த் தாங்கியைத் தூக்கிக்கொண்டு அதே தெருவுக்கு வந்தார்கள்.

எக்லின்டன் வாசி

சரி, கடுமையாக எழுதிவிட்டேன் என்று சிலருக்குத் தோன்றலாம், பரவாயில்லை. ஆனாலும் கேட்கிறேன். மதுரைக்காரர் சொன்ன பழக்கம் வெள்ளைக்காரக் கிழவர்களுக்கு இல்லையே, அவர்களும்தான் ஏமாறுகிறார்கள்.

மிசிசாகா மதுரைக்காரன்

ஏமாறுகிறார்கள். அவர்களுக்குத் தனிமை. நம் பெரியவர்களுக்குத் தனிமையோடு மொழியும் சேர்கிறது. நாள் முழுக்க ஒருவரும் பேசாத வீட்டில் ஒரு பையன் வந்து "எந்த ஊர்" என்று கேட்கிறான். கதவைத் திறக்காதே என்று அவர்களுக்குச் சொல்வது சுலபம். வாரம் ஒருமுறையாவது நாம் போய் அந்தக் கதவைத் தட்டுவது கொஞ்சம் கஷ்டம்.

காஸ்காரன்

நான் உரிமம் பெற்ற காஸ் தொழில்நுட்பவியலாளர். காபன் மொனொக்சைட் பயத்தைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை.

டேப்லெட்டில் படம் எடுத்துக் காபன் மொனொக்சைட்டைக் கண்டுபிடிக்க முடியாது. அதற்கு அளவி வேண்டும், புகைபோக்கியைப் பார்க்க வேண்டும், எரியும் சுடரைப் பார்க்க வேண்டும். உண்மையில் ஆபத்து இருந்தால் சிவப்பு அட்டை கட்டி, அந்த இடத்திலேயே காஸை அடைத்துவிடுவோம். உடனடி ஆபத்து இல்லாத குறை என்றால் சரிசெய்யக் குறிப்பிட்ட அவகாசம் எழுதிக் கொடுப்போம். "ஆபத்து இருக்கிறது, ஆனால் நாளைக் காலை வருகிறோம், அதுவரை இதில் கையெழுத்துப் போடுங்கள்" என்று எந்தத் தொழில்நுட்பவியலாளரும் சொல்ல மாட்டார். அப்படிச் சொன்னால் ஆபத்து இல்லை என்று அவரே சொல்கிறார்.

வீடுவீடாக அழையாமல் போய் ஃபர்னஸ் பரிசோதிக்கும் அரசாங்கத் திட்டம் ஒன்றும் இல்லை. எரிசக்திச் சபையும் வீடுகளுக்கு ஆள் அனுப்புவதில்லை. பயமாக இருந்தால் நூறு டொலருக்கும் குறைவாக எச்சரிக்கைக் கருவி ஒன்று வாங்கி படுக்கை அறைகளுக்குப் பக்கத்தில் மாட்டுங்கள். சந்தேகம் என்றால் காஸ் நிறுவனத்தின் அவசர இலக்கத்துக்கு நீங்களே எடுங்கள்.

இன்னொன்று. பத்து வயதுத் தாங்கி பழையதுதான், ஆனால் பழையது வேறு, ஆபத்தானது வேறு. கடையில் போய் ஒரு தாங்கியை வாங்கிப் பொருத்தினால் என்ன செலவாகும் என்று விசாரித்துவிட்டு, 189ஐப் பன்னிரண்டால் பெருக்கி அதைப் பத்தால் பெருக்கிப் பாருங்கள். இருபத்திரண்டாயிரத்தைத் தாண்டும். வருடாந்த ஏற்றமும் வரியும் இதில் சேர்க்கவில்லை.

பனிக்காலம்

அந்தத் தமிழ்ப் பையனின் பெயரையும் நிறுவனத்தின் பெயரையும் இங்கே போடுங்கள். நம் சமூகத்துக்குள் இருந்தே நம் பெரியவர்களை விற்கிறான். நாலு பேர் தெரிந்துகொள்ளட்டும்.

மட்டுறுத்துநர்

பெயர்கள் வேண்டாம். உறுதிசெய்ய முடியாத குற்றச்சாட்டை எங்களால் தாங்க முடியாது. பெயரும் ஒப்பந்த இலக்கமும் முறைப்பாட்டில் எழுத வேண்டியவை. பனிக்காலத்தின் பதிவில் இரண்டு வரிகளை நீக்கியிருக்கிறேன்.

முன்னாள் முகவர்

பனிக்காலம் அக்கா, கோபம் நியாயம். ஆனால் அந்தப் பையன் இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி. மூன்று மாதத்தில் அவன் வேறு வேலைக்குப் போய்விடுவான், அவன் இடத்தில் இன்னொருவன் அதே மேலங்கியோடு வருவான். அவனுக்கு மேலே பொருத்தும் நிறுவனம், அதற்கும் மேலே ஒப்பந்தத்தை விலைக்கு வாங்கும் நிதி நிறுவனம். காசு அங்கேதான் தங்குகிறது.

பனிக்காலம்

கடைசிக் கண்ணிக்கும் கண் இருக்கிறது தம்பி. தேநீர் குடித்துவிட்டுத்தானே கையெழுத்து வாங்கினான். பெயரை விட்டுவிடுகிறேன், இதை விடமாட்டேன்.

கிளினிக் மொழிபெயர்ப்பாளர்

நிதி நிறுவனம் என்று சொன்னதால் வீட்டுப் பத்திரத்தைப் பற்றி எழுதுகிறேன். மார்க்கம் மருமகள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

வாடகைக்குப் பொருத்திய பொருளின் மேல் தங்களுக்குப் பாத்தியதை உண்டு என்று வீட்டின் காணிப் பதிவேட்டில் ஓர் அறிவித்தலைப் பதிந்துவிடுவார்கள். இங்கே எல்லோரும் அதை நோசி என்றே சொல்கிறார்கள். வீட்டுக்காரருக்கு அப்போது ஒன்றும் தெரியவராது. வீட்டை விற்கும்போதோ அடமானத்தைப் புதுப்பிக்கும்போதோதான் சட்டத்தரணி கண்டுபிடிப்பார். விற்பனை முடிய நாலு நாள் இருக்கும். அதை நீக்கப் பல்லாயிரம் டொலர் கேட்பார்கள், வேறு வழியில்லாமல் கட்டியவர்கள் ஏராளம். ஒரே வீட்டில் தாங்கிக்கு ஒன்று, வடிகட்டிக்கு ஒன்று, ஏசிக்கு ஒன்று என்று அடுக்கடுக்காகப் பதிந்ததும் உண்டு. அதிலும் கொடுமை, "இந்தக் கடன்களையெல்லாம் அடைத்துத் தருகிறோம்" என்று இன்னொரு ஆள் வந்து, கூடிய வட்டிக்குத் தனியார் அடமானத்தில் பெரியவர்களை மாட்டிவிடுவது.

2024 ஜூன் 6 அன்று ஒன்ராறியோவில் வீட்டு உரிமையாளர் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. நுகர்வோர் பொருட்களுக்கு இந்த அறிவித்தலைக் காணிப் பதிவேட்டில் பதிவதை அது நிறுத்தியது. ஏற்கெனவே பதிந்தவையும் காலாவதியானவையாகக் கருதப்படும். ஆனால் கவனியுங்கள். காலாவதியானது பதிவு மட்டும்தான். ஒப்பந்தம் செல்லுமா செல்லாதா என்பது தனி வழக்கு. நோசி போய்விட்டது என்பதற்காகக் கடிதம் எழுதாமல் இருக்க வேண்டாம்.

ஒன்லாண்ட் என்ற இணையத்தளத்தில் சிறு கட்டணத்துக்கு மாமாவின் வீட்டுப் பதிவேட்டை எடுத்துப் பார்க்கலாம். மாமா, மாமி பெயரில் முந்திய வருடங்களில் வேறு எதுவும் பதிந்திருக்கிறதா என்றும் அப்போதே தெரிந்துவிடும். ஒருமுறை ஏமாந்த வீட்டின் முகவரி கைமாறுவது வழக்கம்.

மார்க்கம் மருமகள்

பார்த்தோம். நீங்கள் சொன்னதுதான் நடந்திருக்கிறது. 2019இல் பதிந்த ஒன்று கிடக்கிறது, வேறு நிறுவனம், ஏசிக்கு. மாமா அதைப் பற்றி எங்களிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. கேட்டபோது மாமிதான், "அதற்கு மாதம் எழுபது டொலர் போகிறது, பிள்ளைகளுக்குத் தெரியவேண்டாம் என்று சொன்னார்" என்றார்.

கணவர் கடிதம் எழுத உட்கார்ந்திருக்கிறார். என்னென்ன எழுத வேண்டும்? வங்கி விடயத்துக்கும் யாராவது பதில் சொல்லுங்கள்.

கிளினிக் மொழிபெயர்ப்பாளர்

ஆங்கிலத்தில், ஒரு பக்கத்துக்கு மேல் போகாமல். மாமாவின் பெயரில், மாமாவின் கையெழுத்தோடு. கோபம் வேண்டாம், கதையும் வேண்டாம். கருத்து இப்படி இருக்கட்டும்:

"இன்ன திகதியில் உங்கள் பிரதிநிதிகள் நான் அழைக்காமல் என் வீட்டுக்கு வந்தார்கள். ஒப்பந்தம் செய்யும்படி நான் உங்களைத் தொடர்புகொள்ளவில்லை. தடைசெய்யப்பட்ட பொருட்களுக்கு வாசலில் பெற்ற இந்த ஒப்பந்தம் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி செல்லாது. மேலும், இது இலவச அரசாங்கத் திட்டம் என்று எனக்குப் பொய் சொல்லப்பட்டது. ஒப்பந்தத்தின் மொழி எனக்கு விளங்காது. அது எனக்கு வாசித்துக் காட்டப்படவும் இல்லை. அந்தக் காரணத்துக்காகவும் இதை முறிக்கிறேன். இதுவரை எடுத்த பணத்தைத் திருப்பித் தாருங்கள். என் கணக்கிலிருந்து பணம் எடுக்க வழங்கிய அனுமதியை மீளப்பெறுகிறேன். ஹீட் பம்ப் பொருத்த எவரும் வரக்கூடாது. இனித் தொடர்பு எழுத்தில் மட்டும்."

பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். அனுப்பிய நாள்தான் அறிவித்த நாள், ஆகவே ரசீதைத் தொலைக்க வேண்டாம். பொருத்திய நிறுவனத்துக்கு ஒன்று, ஒப்பந்தத்தில் நிதி நிறுவனத்தின் பெயர் இருந்தால் அவர்களுக்கும் ஒன்று. "நாங்கள் ஒப்பந்தத்தை வாங்கியவர்கள் மட்டும்தான், விற்றவரோடு கதையுங்கள்" என்று அவர்கள் எழுதுவார்கள். செல்லாத ஒப்பந்தத்தை வாங்கியவருக்கு விற்றவரைவிடக் கூடிய உரிமை எங்கிருந்து வரும்?

பிறகு ஒன்ராறியோ நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவுக்கு முறைப்பாடு, 1-800-889-9768. மின்சார, காஸ் ஒப்பந்தம் என்றால் எரிசக்திச் சபை, 1-877-632-2727. பில்லைக் காட்டியிருப்பதால் மாமாவின் ஹைட்ரோ, காஸ் கணக்குகள் வேறு யாருக்காவது மாற்றப்பட்டிருக்கின்றனவா என்று அடுத்த பில்லில் பாருங்கள். வருமானம் குறைந்தவர்கள் என்றால் தெற்காசியச் சட்ட உதவி நிலையத்தில் தமிழிலேயே ஆலோசனை கேட்கலாம்.

2019 ஏசி விடயம் சிக்கலானது. அதுவும் 2018 தடைக்குப் பிறகு வந்ததுதான், யாரும் அழைக்கவில்லையென்றால் அதே வாதம் அதற்கும் பொருந்தும். ஆனால் ஆறு ஏழு வருடம் காசு கட்டியிருக்கிறார்கள், கட்டியதைத் திரும்பப் பெறுவதற்குக் கால எல்லைப் பிரச்சினை வரும். அதை மட்டும் நேரில் ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள், இந்தக் கடிதத்தோடு கலக்க வேண்டாம்.

கணக்குப்பிள்ளை

வங்கி: தனிப்பட்ட கணக்கிலிருந்து அனுமதியில்லாமல் எடுத்த பணத்தைப் பற்றி 90 நாளுக்குள் முறையிட்டால் வங்கி திருப்பிப் போடவேண்டும். கடிதத்தின் பிரதியைக் கொண்டு கிளைக்கு நேரில் போங்கள். ஒரு முறை மட்டும் நிறுத்தினால் அடுத்த மாதம் வேறு தொகையில் எடுத்துப் பார்ப்பார்கள், ஆகவே நிறுவனத்தின் பெயருக்கே தடை போடச் சொல்லுங்கள்.

மாமாவிடம் ஒன்று சொல்லுங்கள். கடன் வசூல்காரர் என்று யாராவது தொலைபேசியில் மிரட்டினால், "எழுத்தில் அனுப்புங்கள்" என்று சொல்லி வைத்துவிடலாம். வேறு ஒரு சொல்லும் தேவையில்லை.

எக்லின்டன் வாசி

என் அயலவர் வீட்டிலும் இதே மேலங்கியைப் பார்த்தேன். "அரசாங்க மானியத்தில் ஹீட் பம்ப்" என்று சொன்னார்களாம். உண்மையிலேயே மானியம் உண்டுதானே? அப்போது பொய் எங்கே?

காஸ்காரன்

மானியம் உண்டு, அதனால்தான் பொய் ஒட்டுகிறது. 2021இல் மத்திய அரசு தொடங்கிய திட்டத்தில் 5,000 டொலர் வரை கிடைத்தது, ஆனால் வேலைக்கு முன்னும் பின்னும் பதிவுபெற்ற ஆலோசகர் வீட்டை மதிப்பிட வேண்டும். அது 2024 தொடக்கத்தில் புது விண்ணப்பங்களுக்கு மூடப்பட்டது. மாகாணத்தில் 2025 ஜனவரியில் வேறொன்று தொடங்கினார்கள். இவற்றிலெல்லாம் விண்ணப்பம் வீட்டுக்காரர் பெயரில், காசும் வீட்டுக்காரருக்கு. வாசலில் நிற்கிறவர் வாடகை ஒப்பந்தம் எழுதும்போது கருவி அவர்களுடையது. மானியம் யாருக்குப் போகும் என்று அயலவரைக் கேட்கச் சொல்லுங்கள். ஹீட் பம்ப் நல்ல கருவிதான், நானே பொருத்துகிறேன். மூன்று இடத்தில் விலை கேட்டு, சொந்தமாக வாங்குங்கள்.

மார்க்கம் மருமகள்

கடிதங்கள் போய்விட்டன. வங்கியில் தடை போட்டாயிற்று. ஹீட் பம்போடு வந்த வானை மாமி கதவுக்கு வெளியே நிறுத்தித் திருப்பி அனுப்பினார், தேநீர் கொடுக்கவில்லை. நிறுவனம் 14,000 என்றதை இப்போது 6,500 என்று "விசேட சலுகையாக" மின்னஞ்சலில் அனுப்பியிருக்கிறது.

ஒரு சின்னக் கேள்வி மிச்சம். பழைய தாங்கியை அவர்கள் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அது வேறொரு நிறுவனத்தின் வாடகைத் தாங்கி என்று இப்போதுதான் தெரிந்தது. அந்த வாடகையும் போய்க்கொண்டே இருக்கிறது.

கிளினிக் மொழிபெயர்ப்பாளர்

6,500க்குப் பதில் எழுத வேண்டாம். பேரம் பேசத் தொடங்கினால் ஒப்பந்தம் செல்லும் என்று நீங்களே ஒப்புக்கொண்ட மாதிரி அவர்கள் காட்டுவார்கள்.

பழைய வாடகை நிறுவனத்துக்கு இன்றே எடுங்கள். தாங்கி எந்த நாளில், யாரால் கழற்றப்பட்டது என்று சொல்லி முறைப்பாட்டு இலக்கத்தைக் கொடுங்கள். திருப்பிக் கொடுக்காத தாங்கிக்குக் கட்டணம் கேட்பார்கள்; எடுத்துக்கொண்டு போனவர்களிடம் அதைக் கேட்கும்படி எழுத்தில் சொல்லுங்கள், அதே தொகையை உங்கள் முறைப்பாட்டிலும் சேருங்கள். அதுவரை அந்த மாத வாடகையை நிறுத்தாதீர்கள். அவர்களோடு உங்களுக்கு இருப்பது நல்ல ஒப்பந்தம், அதை உடைத்து இன்னொரு முனையைத் திறக்க வேண்டாம்.

காஸ்காரன்

புதுத் தாங்கியின் இணைப்பை ஒருமுறை பார்க்க வேண்டும். அவசரமாக மறுநாளே பொருத்தியது என்பதால் சொல்கிறேன். சனிக்கிழமை நான் ஸ்காபரோ பக்கம்தான், தனிச்செய்தியில் முகவரி அனுப்புங்கள் தங்கச்சி. கட்டணம் வேண்டாம். நான் வருவதை மாமாவுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், உரிம அட்டையைக் கேட்டுப் பார்த்த பிறகே உள்ளே விடச் சொல்லுங்கள்.